வகுப்பு தொடங்கி 12 நாள்: வீட்டு நினைப்பில் பாடம் ஏறவில்லை, போனைக் குறைக்கலாமா?

நிலத்தடிநீர் கேட்டது:

வணக்கம். நீரியலில் முதுகலை படிக்க வெளிநாடு வந்து ஐந்து வாரம் ஆகிறது. முதல் மூன்று வாரம் பதிவு, வங்கிக் கணக்கு, காப்பீடு, அறைச் சாவி என்று ஓடிக்கொண்டே இருந்ததில் ஒன்றும் தெரியவில்லை. நான் கெட்டிக்காரி, சமாளித்துவிட்டேன் என்றுகூட நினைத்தேன். வகுப்பு தொடங்கிய அன்று சாயங்காலம்தான் வீட்டு நினைப்பு வந்து உட்கார்ந்தது. இன்னும் எழுந்து போகவில்லை.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். செமினாரில் பன்னிரண்டு பேர். மணலுக்குள் தண்ணீர் போகும் வேகத்தை எது தீர்மானிக்கிறது என்று பேராசிரியர் கேட்டார். எனக்குத் தண்ணீர் பட்ட பாடு அது. பிரெஞ்சுப் பொறியாளர் ஹென்றி டார்சி 1856இல் டிஜோன் நகரத்துக் குடிநீர் பற்றி எழுதிய அறிக்கையில் வரும் சோதனை. ஒரு குழாயில் மணலை நிரப்பி, மேலேயும் கீழேயும் நீர்மட்டத்தை அளந்து, எவ்வளவு தண்ணீர் வெளியே வருகிறது என்று பார்த்தார். இளங்கலையில் அதே மாதிரி ஒரு குழாயை நானே நிரப்பி அளந்திருக்கிறேன், கை முழுக்க மணலோடு. ஆனால் பதிலை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்து, இலக்கணம் சரியா என்று பார்த்து முடிப்பதற்குள் எதிரே இருந்த பையன் "நீர்மட்ட வித்தியாசம்" என்று சொல்லிவிட்டான். பேராசிரியர் தலையசைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார். குழாயின் நீளமும் மணலின் தன்மையும் என் தொண்டையிலேயே நின்றுவிட்டன. அன்றைக்கு வகுப்பு முடியும்வரை அதற்குமேல் எதுவும் காதில் விழவில்லை.

மாலை ஆறரைக்கு அறைக்கு வருவேன். அப்போது வீட்டில் இரவு பத்து. வந்ததும் வீடியோவில் கூப்பிட்டு, போனைப் புத்தகத்தின்மேல் சாய்த்து வைத்துவிடுவேன். பேச ஒன்றும் இருக்காது. அம்மா துணி மடித்துக்கொண்டிருப்பார். அப்பா வாசல் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, சரியாக விழுந்ததா என்று இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார். அந்தச் சத்தத்துக்காகவே காத்திருப்பேன். அவர்கள் படுத்தபிறகு தம்பியிடம் பேசுவேன். வைக்கும்போது இங்கே ஒன்பதரை, பத்து ஆகிவிடும். வாரத்துக்கு மூன்று கட்டுரை படிக்க வேண்டும், இதுவரை ஒன்றைக்கூட முழுசாக முடிக்கவில்லை. அப்புறம் தூக்கமும் வருவதில்லை. இந்த அறையில் மின்விசிறி கிடையாது. இருபத்திரண்டு வருஷம் அந்தச் சத்தத்தில் தூங்கியவளுக்கு இந்த அமைதி தாங்கவில்லை, காது அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது.

போனைக் குறைத்தால் பாடத்துக்கு நேரம் கிடைக்கும் என்று தெரிகிறது. ஆனால் அம்மாவிடம் எப்படிச் சொல்வது? போய் ஒரு மாதத்தில் மறந்துவிட்டாள் என்று நினைத்துவிட மாட்டாரா? டிசம்பர் விடுமுறையில் ஒரு தடவை வீட்டுக்குப் போய்வந்தால் சரியாகிவிடுமா, இல்லை இன்னும் மோசமாகுமா? இதையெல்லாம் கடந்துவந்தவர்கள் சொல்லுங்கள். இந்தப் படிப்புக்கு நான் லாயக்கில்லையோ என்றுகூட இரண்டு நாளாகத் தோன்றுகிறது.

---

கரும்பலகைத் துகள் பதில்:

சகோதரி, நான் முனைவர் பட்டத்தின் மூன்றாம் வருடத்தில் இருக்கிறேன். முதுகலை மாணவர்களுக்கு டுட்டோரியல் எடுக்கிறேன். மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து பார்ப்பதைச் சொல்கிறேன்.

வகுப்பில் பேசாமல் இருக்கும் ஒருவருக்குப் பதில் தெரியாதா, தெரிந்தும் சொல்லத் தயக்கமா என்று எங்களால் கண்டுபிடிக்கவே முடியாது. இரண்டும் வெளியே ஒரே மாதிரிதான் தெரியும். அதனால் அந்தச் செவ்வாய்க்கிழமை சொல்லாமல் விட்டதைக் கையோடு எடுத்துக்கொண்டு, பேராசிரியர் மாணவர்களைச் சந்திக்கும் நேரத்தில் போய்ப் பாருங்கள். வாரத்தில் ஒரு மணி நேரமாவது ஒதுக்கியிருப்பார், பாடத்திட்டத் தாளில் போட்டிருக்கும். அது தோற்றவர்கள் போகிற இடம் என்று நான் முதல் வருடம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது என்னிடம் யாரும் வராத வாரத்தில் எனக்கே வருத்தமாக இருக்கிறது. "இளங்கலையில் டார்சி சோதனையை நானே செய்து பார்த்தேன், அன்றைக்குச் சொல்ல வந்தேன், முடியவில்லை" என்று சொன்னாலே போதும். அடுத்த வாரம் அவர் உங்கள் பக்கம் திரும்பிக் கேட்பார்.

வகுப்பில் பேசுவதற்கு எனக்குப் பலன் தந்த ஒரு வழி உண்டு. முந்தின இரவே ஒரே ஒரு வாக்கியத்தை எழுதிக்கொண்டு போய், முதல் பத்து நிமிடத்துக்குள் சொல்லிவிடுவேன். கேள்வியாக இருந்தாலும் சரி. நேரம் போகப்போக நம் வாய் இறுகிக்கொண்டே போகும். முதலில் ஒரு தடவை நம் குரல் அந்த அறையில் கேட்டுவிட்டால், பிறகு அவ்வளவு கஷ்டம் தெரியாது.

கட்டுரைகளை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிக்கப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் மாட்டினேன். முதலில் சுருக்கம், பிறகு படங்களும் அவற்றின் அடிக்குறிப்பும், பிறகு முடிவுரை. அதோடு நிறுத்திவிட்டு, இவர்கள் என்ன கேட்டார்கள், எப்படி அளந்தார்கள், எனக்கு எது புரியவில்லை என்று அரைப் பக்கம் எழுதுங்கள். அந்த மூன்றாவதுதான் வகுப்பில் நீங்கள் கேட்கப்போகும் கேள்வி. மூன்று கட்டுரையில் ஒன்றை மட்டும் முழுதாகப் படித்தால் போதும் என்று அப்போது தெரிந்துவிடும்.

ஒரு கணக்கும் சொல்லிவிடுகிறேன், எனக்கு யாரும் முதலிலேயே சொல்லவில்லை. உங்கள் பல்கலைக்கழகம் ஐரோப்பிய கிரெடிட் முறையில் இருந்தால், ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. செமஸ்டருக்கு 30 கிரெடிட் என்றால் 750 முதல் 900 மணி நேரம். வகுப்பில் உட்காருவது அதில் ஒரு பங்குதான், பெரும்பகுதி நாமே தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டியது. கால அட்டவணையில் மூன்று நாள் மதியம் காலியாக இருப்பதைப் பார்த்து ஓய்வு என்று நினைத்துவிட்டேன் நான். உங்கள் மாலை மூன்று மணி நேரம் போவது அந்தப் பங்கிலிருந்துதான்.

அதற்காகப் போனை விடச் சொல்லவில்லை. நேரத்தை மாற்றிப் பாருங்கள். மதியம் ஒரு மணிக்குப் பேசினால் வீட்டில் மாலை நாலரை. அவர்களும் களைத்திருக்க மாட்டார்கள், உங்களுக்கும் இரண்டு மணிக்கு ஒரு வகுப்பு இருக்கும், தானாக முடிந்துவிடும். மாலையில் நேராக அறைக்குப் போகாமல் நூலகத்தில் எட்டு மணிவரை இருங்கள். தினமும் ஒரே நாற்காலியில் உட்காருங்கள். இரண்டாவது வாரம் பக்கத்து நாற்காலிக்காரர் தலையசைப்பார். எனக்கு இந்த ஊரில் முதலில் பழக்கமானது அந்தத் தலையசைப்புதான்.

---

பாதி வழியில் பதில்:

லாயக்கில்லையோ என்று கேட்டிருக்கிறீர்கள், அதற்கு மட்டும் பதில் சொல்ல வந்தேன். நான் உளவியல் மாணவன்.

எனக்கு நடந்த அறிமுகக் கூட்டத்தில் ஒரு வளைகோட்டுப் படம் காட்டினார்கள். வெளிநாடு வந்தவுடன் தேனிலவு மாதிரி உற்சாகம், சில மாதத்தில் சரிவு, அப்புறம் மெல்ல ஏற்றம். கேட்டதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வந்த இரண்டாம் நாளே நான் அழுதிருந்தேன். உற்சாகக் கட்டமே இப்படி இருந்தால், இனி வரப்போகும் சரிவு எப்படி இருக்குமோ என்று இரவு முழுக்க விழித்திருந்தேன்.

பிறகு அந்தப் படம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். 1955இல் லிஸ்கார்ட் என்ற நார்வே ஆய்வாளர், அமெரிக்காவில் படித்துத் திரும்பிய 200 நார்வேக்காரர்களிடம் பேசி எழுதியது. அதாவது வெவ்வேறு காலம் தங்கிவிட்டு ஊர் திரும்பியவர்களிடம் கேட்டது. 1998இல் காலின் வார்டு என்ற உளவியல் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் நியூசிலாந்துக்குப் படிக்கப் போன ஜப்பானிய மாணவர்களை வந்து இறங்கியதிலிருந்து ஒரு வருடம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். அவர்களுக்கு மனச்சோர்வு மிக அதிகமாக இருந்தது வந்திறங்கிய நேரத்தில்தான். அது சிறிய ஆய்வுதான், எல்லாருக்கும் இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தொடக்கமே கடினமாக இருப்பது வழி தவறிப் போனதன் அடையாளம் இல்லை என்று அதைப் படித்த அன்றுதான் எனக்குப் புரிந்தது. அன்று நன்றாகத் தூங்கினேன்.

இன்னொன்று. வீட்டு ஏக்கத்துக்கு மருத்துவத்தில் முதன்முதலில் பெயர் வைத்தவரே ஒரு மாணவர்தான். யோகான்னஸ் ஹோஃபர், 1688, சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகம். வீடு திரும்புதல், வலி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 'நாஸ்டால்ஜியா' என்று தன் ஆய்வேட்டில் எழுதினார். அதில் அவர் சொல்லும் ஒரு நோயாளி, பெர்னிலிருந்து பாசலுக்குப் படிக்க வந்த மாணவர். காய்ச்சல், படபடப்பு, படுத்த படுக்கை. ஊருக்கு அனுப்புகிறோம் என்று புறப்பட வைத்ததுமே தேற ஆரம்பித்துவிட்டார், பெர்ன் போய்ச் சேருவதற்குள் குணமாகிவிட்டார். அந்த இரண்டு ஊருக்கும் நடுவே இன்றைக்கு ரயிலில் ஒரு மணி நேரம். அவ்வளவு பக்கத்திலிருந்து வந்தவருக்கே அப்படி. நீங்கள் ஒரு கடல் தாண்டி வந்து, தினமும் வகுப்புக்கும் போய்க்கொண்டிருக்கிறீர்கள்.

---

இரண்டு கடிகாரம் பதில்:

கண்ணு, நான் உன் அம்மா வயசுக்காரி. என் மகன் வெளியே போய் நாலாவது வருஷம். போனின் மறுபக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவள் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு கடிகாரம் மாட்டியிருக்கிறேன். ஒன்று எங்களுக்கு, ஒன்று அவனுக்கு. முதல் வருஷம் அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் வழக்கமான நேரத்துக்குக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அவனுக்கு அது வகுப்பு நேரம். எனக்கு என்னென்னமோ ஓடியது. அவன் கூப்பிடும்வரை ஸ்வாமி அறையிலும் வாசலிலுமாக நடந்துகொண்டிருந்தேன். உன் அம்மாவிடமும் முன்னாடியே சொல்லி வை, அந்த ஞாயிறு சீக்கிரமே வரும்.

நீ குறைத்தால் மறந்துவிட்டாள் என்று நினைப்பாரா என்று கேட்டாய். நினைக்க மாட்டார். இராத்திரி தூக்கம் வராமல் நீ விழித்திருக்கிறாய், பேச ஒன்றுமில்லாமல் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்றால், அதுதான் அம்மா மனசை அறுக்கும். துணி மடித்துக்கொண்டிருப்பார் என்றாயே, ஒரே துணியை எத்தனை தடவை மடிக்கிறார் என்று கவனித்தாயா? நானும் மடித்திருக்கிறேன். போனை அவன் முதலில் வைக்கட்டும் என்று காத்திருப்பேன், நான் வைக்கட்டும் என்று அவன் காத்திருப்பான்.

எங்களுக்கு வலித்தது என்ன தெரியுமா? "ஒன்றுமில்லை, நல்லா இருக்கேன்" என்கிற பதில்தான். ஒருநாள் அவன் இருபது நிமிஷம் மட்டும் பேசினான். வகுப்பில் ஒரு கணக்கு வரவில்லை, பக்கத்தில் ஒரு பெண் சொல்லிக்கொடுத்தாள், அவள் ஊரிலும் அம்மா தனியாக இருக்கிறாராம் என்றான். அந்த இருபது நிமிஷத்தை வைத்துக்கொண்டு நான் ஒரு வாரம் ஓட்டினேன். செவ்வாய்க்கிழமை நடந்ததை உன் அம்மாவிடம் சொன்னாயா? எங்களிடம் எழுதியதைவிட அவரிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

நான் தமிழாசிரியை. தலைவன் பிரிந்து போவதற்கான காரணங்களைத் தொல்காப்பியம் சொல்லும்போது ஓதல் என்பதைத்தான் முதலில் வைக்கிறது. பகையும் தூதும் பிறகுதான். படிப்புக்காகப் பிரிந்தால் மூன்று ஆண்டைத் தாண்டக்கூடாது என்று வரம்பும் கட்டுகிறது. எத்தனையோ வருஷம் வகுப்பில் இதை நடத்தியிருக்கிறேன். மகனை வழியனுப்பிவிட்டு வந்த அன்று நடத்தும்போதுதான் தொண்டை அடைத்தது. படிக்கப் போனவனுக்கும் வீட்டில் இருக்கிறவளுக்கும் எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் பார்த்துத்தானே ஒருவர் அந்த மூன்றை எழுதியிருப்பார் என்று நினைத்தேன். உன் படிப்பு இரண்டு வருஷம்தானேம்மா.

டிசம்பரில் வர முடிந்தால் வா. ஆனால் திரும்பும் நாளைக் குறித்துக்கொண்டு வா, அம்மாவிடமும் அதை முதலிலேயே சொல்லிவிடு. நாள் தெரியாமல் இருந்தால் இரண்டு பேருக்கும் தினமும் வழியனுப்புகிற மாதிரியே இருக்கும்.

---

திரும்பி வந்தவன் பதில்:

மேலே எல்லாரும் தாங்கி நின்றவர்கள். நான் இரண்டாவது செமஸ்டரில் படிப்பை விட்டுவிட்டுத் திரும்பியவன். என் பக்கமும் இங்கே இருக்கட்டும்.

வீட்டு நினைப்பு வேறு, எனக்கு வந்தது வேறு. நினைப்பு என்றால் வகுப்பில் நல்லதாக ஏதாவது நடந்தால் கொஞ்ச நேரமாவது விலகும். எனக்கு விலகவில்லை. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, குளிக்கக்கூடத் தோன்றவில்லை. கடைசியில் வீட்டுப் போனையும் எடுக்காமல் விட்டேன். பேசப் பிடிக்காமல் போனதுதான் எனக்கு எச்சரிக்கை மணி, அது அப்போது புரியவில்லை. மூன்று மாதம் யாரிடமும் சொல்லவில்லை. பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கான ஆலோசகர் இருந்தார், நான் வகுப்புக்குப் போகும் வழியிலேயே அந்தக் கதவு இருந்தது. தட்டியது மிகத் தாமதமாக. ஆரம்பத்திலேயே போயிருந்தால் ஒரு செமஸ்டர் விடுப்போடு முடிந்திருக்கும்.

உங்களுக்கும் இரண்டு வாரத்துக்குமேல் தூக்கம் வராமல் இருந்தாலோ, காலையில் எழவே மனம் வராமல் போனாலோ காத்திருக்காதீர்கள், டாக்டரையோ ஆலோசகரையோ பாருங்கள். விடுப்பு எடுக்கவோ பாடத்திலிருந்து விலகவோ நினைத்தால், டிக்கெட் போடுவதற்கு முன்னால் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள். பல நாடுகளில் மாணவர் விசா பதிவோடு சேர்ந்தது. விலகுவதற்குக் கடைசித் தேதியும் இருக்கும். அதை நான் தவறவிட்டேன், மதிப்பெண் பட்டியலில் இரண்டு தோல்வி ஏறிவிட்டது.

திரும்பி வந்ததற்கு நான் வருத்தப்படவில்லை. வேறு இடத்தில் அதே படிப்பை முடித்தேன், வேலையில் இருக்கிறேன். யாரிடமும் சொல்லாமல் கழித்த அந்த மூன்று மாதத்துக்குத்தான் இன்றும் வருத்தம். நீங்கள் பன்னிரண்டாம் நாளே கேட்டுவிட்டீர்கள்.

---

நிலத்தடிநீர் எழுதியது (ஐந்து வாரம் கழித்து):

எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொரு பதிலையும் பல தடவை படித்தேன். அம்மா வயசுக்காரி என்று எழுதியவரின் பதிலை அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். துணி மடிக்கும் இடம் வந்ததும் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஆமாம், அந்த நீலத் துண்டை நாலு தடவை மடிச்சிருப்பேன்" என்றார். இரண்டு பேருமே அழுதோம். அன்றே நேரத்தை மாற்றிக்கொண்டோம்.

இப்போது மதியம் ஒரு மணிக்குப் பேசுகிறேன், கடிகாரம் மாறியபிறகு வீட்டில் அது ஐந்தரை. இருபது நிமிடம், சில நாள் அரை மணி. அன்றைக்கு வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும் என்று அம்மா சட்டம் போட்டுவிட்டார். அதற்காகவே வகுப்பில் கவனிக்கிறேன் என்றால் நம்புவீர்களா? அப்பாவுக்குக் கிரெடிட் கணக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, இன்றைக்கு எத்தனை மணி நேரம் ஆச்சு என்று தினமும் கேட்கிறார்.

பேராசிரியரைப் பார்க்கப் போனேன். வாசலில் நின்று இரண்டு தடவை திரும்பிவிட்டேன், மூன்றாவது தடவை அவரே கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். டார்சி குழாயைச் சொன்னதும் உட்காரச் சொல்லி, மணலை எப்படி நிரப்பினீர்கள், நடுவில் காற்று சிக்கவில்லையா என்று கேட்டார். சிக்கியது, மூன்று தடவை கொட்டி நிரப்பினோம், கடைசியில் கீழேயிருந்து மெதுவாகத் தண்ணீர் ஏற்றியபிறகுதான் குமிழி போனது என்றேன். அடுத்த செமினாரில் அதையே எல்லாருக்கும் சொல்லச் சொன்னார். சொன்னேன். நடுவில் ஒரு சொல் வராமல் நின்றது, கையால் காட்டினேன், எதிரே இருந்த அந்தப் பையன் சொல்லை எடுத்துக் கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமைகள் இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கின்றன. நூலகம் மூடியிருக்கும். டிசம்பருக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன், திரும்பும் தேதியையும் சேர்த்து அம்மாவிடம் சொல்லியாகிவிட்டது. ஆலோசகரையும் ஒருமுறை பார்த்தேன், தூக்கத்துக்காக. அதைச் சொன்னபோது தம்பி ஒன்றும் பேசவில்லை. மறுநாள் ஒரு ஒலிப்பதிவு அனுப்பினான், நாற்பது நிமிடம். என் அறை மின்விசிறி. மூன்றாம் எண்ணில் வைத்தால் 'டக் டக்' என்று ஒரு பக்கம் தட்டும், அதே சத்தம். தினமும் அதைப் போட்டுவிட்டுப் படுக்கிறேன். பதினேழாவது நிமிடத்தில் தூரத்தில் அம்மா குரல் கேட்கும்: "யாருமில்லாத ரூம்ல ஃபேன் எதுக்குடா ஓடுது?" அதுவரை விழித்திருந்தால்தான் கேட்கும். இந்த வாரத்தில் இரண்டு நாள் எனக்குக் கேட்கவில்லை.